அருகிருப்பவரின் கடமை

 

ஆண்டு விழா என்றால் இலக்கியத்தையும் தேச சரித்திரத்தையும் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புவது வழக்கமாயிருந்த இந்தச் சபையில், இம்முறை மனநோய்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று வாசகசாலை நிர்வாகிகள் தீர்மானித்தபோது, இந்தத் தலைப்புக்கு யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேட்ட நண்பர்களும் உண்டு. வாசற்படி வரையில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தால், இந்த விஷயம் எத்தனையோ இல்லங்களின் உள்ளறையில் வாய் திறவாமல் கிடக்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது. பெங்களூரிலுள்ள நிமான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் அந்தச் சமயத்தில் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புற்றிருந்ததாகவும், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எவ்விதச் சிகிச்சையையும் பெறவில்லை என்றும் கூறுகிறது. இந்த இரண்டு செய்திகளில் முன்னதைவிடப் பின்னதே என்னை அதிகமாகக் கலங்க வைக்கிறது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் தேதி, பொழுது புலரும் வேளையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டுண்டு கிடந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் 28 உயிர்கள் மாண்டன. அந்தச் சங்கிலிகளைப் பூட்டியவர்களை நிந்திப்பது சுலபம். ஆனால் அந்தக் கொட்டகைக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் யார்? பெற்ற தாயும், கூடப்பிறந்த அண்ணனும், தாலி கட்டிய கணவனுமே அல்லவா? அவர்களெல்லாம் ஈவிரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். வேறு எங்கே போவது, யாரிடம் கேட்பது, இது வியாதியா வினையா என்பது தெரியாமல், கையிருப்பும் தீர்ந்து, அக்கம்பக்கத்தாரின் பார்வையையும் தாங்கமாட்டாமல் வந்து சேர்ந்தவர்களே அவர்களில் அநேகர்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்தை அளிப்பவனையும் நான்காவது அங்கமாகச் சேர்த்து வைத்தார். மனநோயைப் பொறுத்தவரையில் முதல் மூன்று அங்கங்களும் சென்ற ஒரு நூற்றாண்டில் வெகுதூரம் வளர்ந்துவிட்டன. நாம் ஒவ்வொருவரும் ஏற்கவேண்டிய அந்த நான்காவது ஸ்தானமே இன்னும் காலியாக இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அருகிருப்பவர் நோயின் முகத்தை முதலில் அறிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு நோய் என்பது துக்க வீட்டில் வரும் துக்கமன்று. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, மறுபடி உறக்கம் வராமல் உத்தரத்தையே பார்த்துக் கிடந்து, தலைவாரிக்கொள்ளவும் கை எழாமல், குழம்புக்கு உப்பிட்டோமா இல்லையா என்பதும் நினைவில் நில்லாமல், தான் எல்லோருக்கும் பாரமாகிவிட்டதாக மனத்துக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருக்கும் ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் இந்த நிலை நீடிக்குமானால் அது நோய். வீட்டாரோ, "சோம்பேறித்தனம்" என்று ஒருவரும், "வசதி கூடிப்போனால் இப்படித்தான்" என்று மற்றொருவரும் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் இதே நோய் வருமானால், பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாளே என்ற பழியும் அந்தத் தாயின்மீது சேர்ந்துகொள்கிறது.

இனிப் பதற்ற நோய்களில் ஒன்று: பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் விறைத்து, இதோ உயிர் போகிறது என்று நடுங்கி மருத்துவமனைக்கு ஓடுகிறார் ஒருவர். இதயத்தில் கோளாறு இல்லை என்று பரிசோதனைகள் காட்டிவிட, உடன் வந்தவர்கள் அவரை நடிப்புக்காரர் என்று எண்ணத் தலைப்படுகிறார்கள். அவர் பட்ட வேதனை மெய்யானது. அதன் தோற்றுவாய்தான் இதயமன்று.

எண்ணச் சுழற்சி நோயில், அசுத்தம் ஒட்டியிருக்கிறது என்னும் ஒரே நினைவு திரும்பத் திரும்ப வந்து மோத, கைத்தோல் வெடிக்கும் வரையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேயிருப்பவர் உண்டு; பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரையில் சென்று, மீண்டும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவரும் உண்டு. அது அர்த்தமற்ற காரியம் என்பது அவர்களுக்கே தெரியும் என்பதுதான் இந்நோயின் கொடுமை.

மனச்சிதைவு நோயோ நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. பெரும்பாலும் இளமையின் தலைவாசலில், கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருக்கும் பருவத்தில் தொடங்கி, யாரும் பேசாதபோது குரல்கள் கேட்பதாகவும், உறவினரே தமக்கு விஷம் வைப்பதாகவும் நம்ப வைப்பது. இந்நோய் கண்ட இளைஞனுக்கு நம் ஊரில் கையோடு சொல்லப்படும் வைத்தியம், ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே. நோய் தீர்வதில்லை, ஏதுமறியாத ஒரு பெண்ணின் வாழ்வும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்கிறது.

காரணம் யாது என்று கேட்டால், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது முறையாகாது. பரம்பரை ஒரு காரணம். ஆயினும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள் என்பதால், பரம்பரையைத் தலைவிதி என்று கொள்ள இடமில்லை. மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் இரசாயனங்களின் மாறுபாடு ஒன்று, இளமையில் பட்ட அடி, வன்கொடுமை, கடன், வேலையின்மை, தனிமை ஆகியவை இன்னொன்று, குடிப்பழக்கம் வேறொன்று. தைராய்டுச் சுரப்பு குன்றினாலும் மனம் சோர்ந்து போகும் என்பதால், மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் அதை வீண் செலவு என்று எண்ணவேண்டாம். செய்வினையும் முற்பிறப்புப் பாவமும் தாயின் வளர்ப்புக் குற்றமும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சிகிச்சையின் சரித்திரத்துக்கு வருகிறேன். 1794இல் தோன்றிய சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, பின்னர்க் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, இன்று மனநல நிலையமாய் விளங்குகிறது. நெடுங்காலம் அத்தகைய இடங்களில் அடைத்து வைப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை. திருப்பம் ஏறக்குறையப் பத்தாண்டுக்குள் நிகழ்ந்தது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், லித்தியம் உப்பு உன்மத்த வேகத்தைத் தணிப்பதைக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்தில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தால் மனச்சிதைவு நோயாளிகள் தெளிவடைவதை வெளியிட்டார்கள். 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மனச்சோர்வைப் போக்குவதை அறிவித்தார். இந்த வரிசையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு: சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதைக் கல்கத்தாவின் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931லேயே எழுதினார்கள், அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், பிற்பாடு உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் சிறிது காலம் வழங்கிற்று.

இன்றைய மருந்துகளைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். மனச்சோர்வுக்குரிய மாத்திரை தலைவலி மாத்திரையைப் போல் அன்றே பலன் தராது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். குணம் கண்டபின்னும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர்ந்து உட்கொண்டு, மருத்துவர் சொல்லும் கிரமப்படியே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பத்தாம் நாள் பலனில்லை என்று நிறுத்துவோரும், இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டதே என்று நிறுத்துவோரும் நோயை மீண்டும் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மருந்தின்றியும் சிகிச்சை உண்டு. கைகழுவும் நோயாளியைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒரு கதவின் பிடியைத் தொடச் செய்து, பிறகு கழுவாமல் உட்கார்ந்திருக்கச் செய்வார். பதற்றம் ஏறும், உச்சத்தை எட்டும், கழுவாமலேயே, தானாகவே, மெல்ல இறங்கும். இதையே பல நாள் பழகப் பழக, பயத்துக்குக் கட்டுப்படாமலும் வாழமுடியும் என்பதை மனம் அனுபவத்தால் கற்றுக்கொள்கிறது. இங்கே வீட்டாருக்கும் வேலை உண்டு: "கதவு பூட்டியிருக்கிறதா, நிச்சயமாகப் பூட்டியிருக்கிறதா?" என்று அவர் நூறுதடவை கேட்கும்போது நூறுதடவையும் உறுதி சொல்லிக்கொண்டிராமல், அன்போடு விலகி நிற்கப் பழகவேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் பரிகசிக்கமாட்டேன். தமிழகத்துக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகளைக் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, மருந்தோ விசேஷச் சடங்கோ இல்லாமலே சில வாரங்களில் அவர்களது நோய்க்குறிகள் ஓரளவு தணிந்ததையும், பயமுறுத்தாத, அரவணைப்பான சூழலே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பதையும் குறித்தது. மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்கு நாற்பத்தெட்டு நாள் தங்கப் போகிறவர்கள் போகட்டும். சந்நிதியில் நிற்பதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்தவேண்டாம்.

அருகிருப்பவரின் பலத்தை நம் மருத்துவர்கள் முன்பே உணர்ந்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரமடித்து நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் தலைமைப் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றபின், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். சட்டமும் பின்தங்கியிருக்கவில்லை: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடுக்கிறது, மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சிச் சிகிச்சை தருவதைத் தடுக்கிறது, உடல்நோய்க்குக் கிடைக்கும் காப்பீடு மனநோய்க்கும் கிடைக்கவேண்டும் என்கிறது, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவேண்டுமேயன்றித் தண்டிக்கலாகாது என்கிறது.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவன மூன்று. ஒன்று, வீட்டில் ஒருவருடைய உறக்கமும் பசியும் பேச்சும் வாரக்கணக்கில் மாறியிருந்தால், ஜாதகத்தைப் புரட்டுமுன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தயக்கமிருந்தால், எந்நேரமும் தமிழிலேயே பேசக்கூடிய 14416 என்னும் அரசின் இலவச எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டு, சாவைப் பற்றி ஒருவர் பேசினால், "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, கேட்கப்பட்டவருக்கு நெஞ்சின் பாரம் குறைகிறது, அதன்பின் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிடுங்கள். மூன்றாவது வேண்டுகோள் இவ்வாசகசாலைக்கு: மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை மாதம் ஒருநாள் மாலை இந்தக் கூடத்துக்கு வரவழைத்து, பெயர் கேட்காமல், யாரும் வந்து உட்கார்ந்து ஐயம் கேட்டுப்போக வகைசெய்யுங்கள். புத்தகம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருவதற்கு யாரும் வெட்கப்படவேண்டியதில்லை அல்லவா? முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டே இன்றைக்கு இச்சபை கலையவேண்டும் என்று தலைவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.