எடை பார்க்க யார் வருவார்?

(பெரிய காஞ்சிபுரம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது. உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். பல பேருக்கு அதற்கு முன்பே எடை ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சோற்று எடை அல்ல, நீர்.

என் அப்பா குழித்தறிக்காரர். நாளெல்லாம் கால் குழிக்குள். வீக்கத்துக்குத் 'தறிக்கால்' என்று நாங்களே பெயர் வைத்து விட்டுவிட்டோம். பட்டையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்து, சேலையாக நிறுத்து வாங்கும் ஊர் இது. அவர் எடையை யாரும் பார்த்ததில்லை.

இன்று வீட்டிலிருந்தே எடையும் அழுத்தமும் மருத்துவருக்குப் போகும் கருவிகள் உண்டு. ஆனால் கருவி மட்டும் போதாது. அமெரிக்காவில் 1653 நோயாளிகளைத் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். 2010இல் வந்த முடிவு: பலன் இல்லை. பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் எடை, அழுத்தம், இசிஜி எல்லாம் ஒரு மையத்துக்குப் போயின. அங்கே 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். 2018இல் வந்த முடிவு: ஆண்டுக்கு நூற்றில் சுமார் 11 பேர் இறந்த இடத்தில் 8 பேர். எதிர்முனையில் ஆள் இருந்ததுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கணிப்பு.

அந்த ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை.

இதில் சாதி எங்கே வந்தது என்பீர்கள். கையைத் தொடாமல் அழுத்தமானிப் பட்டையைக் கட்டிவிட முடியாது. சேரியில் பிறந்த பெண் ஊர்த்தெரு வீட்டின் கூடத்துக்குள் போய்க் கட்டுகிறாரா, திண்ணையோடு நிறுத்தப்படுகிறாரா? எந்தச் செயலியிலும் இதற்குக் கட்டம் கிடையாது. கருவி வந்தால் அவர் வரவே வேண்டாம் என்று நிம்மதி அடைகிறவர்களும் இருப்பார்கள்.

1925இல் இதே காஞ்சிபுரத்தில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை மறுத்த காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். நாளை கண்காணிப்பு மையம் வந்தால் திரையின் முன் யார் உட்காருவார், யாருடைய தெருவுக்கு முதலில் வண்டி போகும் என்பதும் அந்தக் கேள்விதான்.

நம் மனுவில் மூன்றே கோரிக்கைகள். தன்னார்வலர் பையில் எடைக் கருவி. எடை ஏறினால் அன்றே பேச ஒரு மருத்துவர். அவர்களுக்கு நிரந்தர வேலை. கையெழுத்துத் தாள் பின்வரிசை மேசையில் இருக்கிறது.