தண்ணிக்கு இடம் கொடுங்க. யாருடைய இடத்தை எடுத்து?

மந்தைவெளியில் நடைபெற்ற தெருமுனைக் கூட்டத்தில் நமது தென்சென்னை மாவட்டக் குழுத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாதவர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். படித்துவிட்டு உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள் தோழர்களே.



மைக் செட் வைக்க இடம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்ட் தோழர்களுக்கு நன்றி. மார்க்கெட்ல இருந்து காய்கறிப் பையோட அப்படியே நின்னு கேட்டுட்டிருக்கிற தாய்மார்களுக்கும் நன்றி. மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் முடிச்சிடறேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஆனாலும் முயற்சி பண்றேன்.

இன்னைக்குத் தலைப்பு ‘பருவநிலை நெருக்கடியும் மாநகராட்சியும்’. நோட்டீஸ் கொடுக்கும்போது ஒரு அக்கா படிச்சுப் பார்த்துட்டு, "ஏம்பா, எங்க தெருவுக்குக் கொசு மருந்து அடிக்க ஆள் வரல, அதைப் பேசுங்கப்பா"ன்னு சொன்னாங்க. அக்கா, அதுவும் இதுக்குள்ளதான் வருது. தண்ணி போக வழியில்லாம நிக்கிற இடத்துலதானே கொசு.

2015 டிசம்பர் 1 ராத்திரி நான் கோட்டூர்புரத்துல இருந்தேன். செம்பரம்பாக்கத்துல வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்து விட்டாங்க. அடையாறு ரெண்டு கரையையும் தாண்டிடுச்சு. ஹவுசிங் போர்டு குடியிருப்புல தரைத்தளம் பூரா முழுகிப் போச்சு. மாடியில இருந்தவங்க புடவையை முடிச்சுப் போட்டுக் கீழ விட்டு, குழந்தைங்களை மேல இழுத்தாங்க. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்துக்கு மேல தண்ணி போனதை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. பின்னாடி இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையே அறிக்கை கொடுத்தது. மனிதர்களால் உண்டாக்கப்பட்ட பேரிடர்னு எழுதினாங்க. அந்த அறிக்கை 2018-ல சட்டமன்றத்துல வைக்கப்பட்டது.

அதுக்கு அடுத்த வருஷம் என்ன ஆச்சு? 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப் போச்சு. மயிலாப்பூர்ல, தி.நகர்ல மெஸ் நடத்துறவங்க மதியச் சாப்பாட்டை நிறுத்தினாங்க. ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எந்த ஏரி நிரம்பி வழிஞ்சு நம்மள முழுகடிச்சதோ, அதே ஏரி நாலே வருஷத்துல பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது. நம்ம ஊருக்குப் பருவநிலை நெருக்கடின்னா இதுதான். வட துருவத்துல பனி உருகுறதைப் படத்துல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டிய நிலைமையில நாம இல்ல.

சரி, நகரத்தை ஆள்றவங்க என்ன செஞ்சாங்க? எதுவுமே செய்யலன்னு மேடையில ஏறிப் பொய் சொல்ல நான் வரல.

2023 ஜூன் மாதம் ‘சென்னை காலநிலை செயல் திட்டம்’ வெளியிடப்பட்டது. உலகத்துல கிட்டத்தட்ட நூறு பெருநகரங்களின் மேயர்கள் சேர்ந்து நடத்துற சி40 என்ற கூட்டமைப்பு இருக்கு. சென்னையும் அதுல உறுப்பினர். அவங்க துணையோட தயாரான திட்டம் இது. 2050-க்குள்ள கார்பன் சமநிலை அடையணும்னு இலக்கு. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், எளிதில் பாதிக்கப்படும் மக்களும் சுகாதாரமும் என்று ஆறு தலைப்பு. நான் படிச்சேன். உழைச்சுப் பண்ணியிருக்காங்க. இதோட வரைவு 2022-ல வந்தப்போ, கடல் மட்டம் அஞ்சு வருஷத்துல 7 சென்டிமீட்டர் ஏறினா கரையோரம் 100 மீட்டர் வரைக்கும் ஆபத்துன்னு அதுலயே எழுதியிருந்தது. நொச்சிக்குப்பத்துலயும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துலயும் அந்த 100 மீட்டருக்குள்ளதான் வீடு, வலை, படகு எல்லாமே இருக்கு. அந்த வரைவு முதல்ல ஆங்கிலத்துல வந்தது. யாருடைய வீட்டைக் கடல் கொண்டு போகும்னு எழுதியிருக்கோ, அவங்களுக்குப் படிக்கிற மொழியில அது வரல. கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஆக, திட்டம் இருக்கு. என் கேள்வி வேற. வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் ஒரே மருந்துதான். பெய்யுற தண்ணிக்கு உட்கார இடம் வேணும். எல்லா நிபுணரும் இதைத்தான் சொல்றாங்க. ஆனா சென்னையில சும்மா கிடக்கிற இடம்னு ஒண்ணு கிடையாது. தண்ணிக்கு இடம் கொடுக்கணும்னா யார்கிட்ட இருந்தாவது எடுத்தாகணும். யார்கிட்ட இருந்து எடுக்கறீங்க? ஒரு நகரத் தலைமையை எடை போட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

தி.நகரை எடுத்துக்கங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி அது ஏரி. நுங்கம்பாக்கத்துல இருந்து மாம்பலம் வழியா நீளமாக் கிடந்த ஏரி, வெள்ளைக்காரன் ‘லாங் டேங்க்’னு சொன்னான். 1920-கள்ல அதைத் தூர்த்து மனை போட்டாங்க, தியாகராயச் செட்டியார் பேரை வச்சாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னைக்கும் லேக் வியூ ரோடு இருக்கு. லேக்தான் இல்ல. வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் ஏரி மேலதான். அந்த ஏரி போன பிறகு மிச்சம் இருக்கிற ஒரே வழி மாம்பலம் கால்வாய், நந்தனம் பக்கமாப் போய் அடையாத்துல சேருது.

அந்தக் கால்வாயை எப்படி வச்சிருந்தாங்க? 2019-ல பாண்டி பஜார்ல ஸ்மார்ட் சிட்டி பணத்துல அழகான நடைபாதை வளாகம் திறந்தாங்க. நல்ல விஷயம், நானும் குடும்பத்தோட போய் நடந்திருக்கேன். ஆனா 2021 நவம்பர் மழையில தி.நகர் நாள் கணக்கா முழங்கால் தண்ணியில நின்னுச்சு. மாம்பலம் கால்வாய்க்குள்ள கட்டடக் கழிவு கிடந்ததை ஊரே பார்த்தது. மேல கிரானைட் பெஞ்சு, கீழ தண்ணி போற வழி அடைப்பு. அதுக்கப்புறம்தான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில குழு போட்டாங்க. வடிகால் வேலை வேகமா நடந்துச்சு. சில தெருக்கள்ல இப்போ முன்னைவிடச் சீக்கிரம் வடியுது, அதை ஒத்துக்கணும். ஆனா வடிகால் என்ன செய்யும்? தண்ணியைக் கடலுக்குத் துரத்தும். 2023 மிக்ஜாம் அன்னைக்குக் கடலும் ஆறும் வாங்க மறுத்தப்போ, குழாய்க்குள்ள இருந்த தண்ணி எங்க போகும்? துரத்தின தண்ணியைத்தான் அடுத்த ஏப்ரல்ல லாரிக்காரர்கிட்ட காசு கொடுத்து வாங்குறோம்.

இப்போ நல்ல உதாரணம் ஒண்ணு சொல்றேன், அடையாறுக்குப் பக்கத்துலயே. கிண்டி ரேஸ் கோர்ஸ். 160 ஏக்கர் அரசு நிலம். 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். மயிலாப்பூர்ல இன்னைக்கு இந்தக் காசுக்கு ஸ்கூட்டர் நிறுத்தக்கூட மாச வாடகைக்கு இடம் கிடைக்காது. வாடகைப் பாக்கி 730 கோடிக்கு மேலன்னு சொல்லி, 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்தை எடுத்துச்சு. விவகாரம் நீதிமன்றம் போச்சு, அது தனிக் கதை. ஆனா அக்டோபர் மழைக்குள்ள அங்க மாநகராட்சி குளம் வெட்டுச்சு. குதிரை ஓடின மைதானத்துல நாலு குளம். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாயுற தண்ணியைத் தாங்குறதுக்கு. செல்வாக்கான இடத்துல கை வைக்க முடியும், வச்சா சில வாரத்துலயே வேலை நடக்கும்னு அன்னைக்குத் தெரிஞ்சது. நம்ம அடையாறு தொல்காப்பியப் பூங்காவும் அப்படித்தான். இடிபாடு கொட்டுற மேடா இருந்த 58 ஏக்கரை மீட்டு, 2011-ல திறந்தாங்க. இன்னைக்கு அங்க பறவை வருது, தண்ணி நிக்குது.

இதைச் சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா இங்கிருந்து நடந்து போற தூரத்துல இன்னொரு இடம் இருக்கு. ராஜா அண்ணாமலைபுரம், கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய் ஓரம் தலைமுறை தலைமுறையா இருந்த குடும்பங்கள். 2022-ல நீதிமன்ற உத்தரவுன்னு சொல்லி, 259 வீடுகளை இடிக்க வந்தாங்க. பள்ளிக்கூடத்துல தேர்வு நடக்கிற மே மாசம். பெரும்பாக்கம் போங்கன்னு சொன்னாங்க. மயிலாப்பூர்ல நாலு வீட்டுல வேலை செய்யுற அம்மா, பெரும்பாக்கத்துல இருந்து எத்தனை பஸ் மாறி காலையில ஆறு மணிக்கு வந்து சேருவாங்க? அந்த இடிப்பைப் பார்த்துக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் தன் மேல தீ வச்சுக்கிட்டார். மறுநாள் இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் சட்டமன்றத்துல முதலமைச்சர் எழுந்து, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு ஒதுக்குவோம், இனிமே மக்கள்கிட்ட கருத்துக் கேட்போம்னு அறிவிச்சார். அந்த வார்த்தை ஒரு உயிர் போன பிறகு வந்துச்சு.

அந்தக் கால்வாய் யார் வெட்டினது தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்துல, 1877-78-ல, கிராமத்துல இருந்து பசியோட வந்த ஜனங்க கூலிக்கு வெட்டினது. கூவத்தையும் அடையாத்தையும் இணைச்சு எட்டு கிலோமீட்டர். அதே கால்வாய்க்குள்ளதான் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாங்க. திருமயிலை ஸ்டேஷன் பாலத்துல நின்னு எட்டிப் பாருங்க, தண்ணி எங்க, சிமெண்ட் எங்கன்னு. அரசு கால்வாய்க்குள்ள தூண் போட்டா அதுக்குப் பேர் உள்கட்டமைப்பு. ஏழை கால்வாய் ஓரம் ஓலை போட்டா அதுக்குப் பேர் ஆக்கிரமிப்பு.

நான் ஆத்தங்கரையில ஆபத்தான இடத்துல ஜனங்க அப்படியே இருக்கட்டும்னு பேசல. 2015-ல தண்ணியில நின்னவன் நான். மாத்து வீடு அந்த ஊருக்குள்ளயே வேணும், முதல்ல வீடு, அப்புறம் இடிப்பு, அவ்வளவுதான் நாம கேட்குறது. கரையில குடிசையை எடுத்துட்டு, அதே வரிசையில இருக்கிற காம்பவுண்ட் சுவரை அளந்துகூடப் பார்க்கலைன்னா அதை எப்படி வெள்ளத் தடுப்புன்னு ஒத்துக்கறது?

வெயிலையும் சொல்லிடறேன், மணி ஆகுது. 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அரசு அறிவிச்சது. சிக்னல்ல பச்சை வலைப் பந்தல் போட்டாங்க. 2025-ல தி.நகர்ல உணவு டெலிவரி பண்ற தம்பிங்களுக்கு ஏ.சி. ஓய்வறை திறந்தாங்க. வரவேற்கிறோம். அகமதாபாத்ல 2010 மே மாசம் வெயில்ல ஆயிரத்துக்கும் மேல கூடுதலாச் செத்தாங்க. அதுக்கப்புறம் 2013-ல அந்த மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் போட்டுச்சு. எச்சரிக்கை வந்தா யார் யாருக்குப் போன் பண்ணணும், எந்த ஆஸ்பத்திரியில என்ன தயாரா இருக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. நம்ம ரங்கநாதன் தெருவுல தலையில துண்டு போட்டுக்கிட்டு நிக்கிற பூக்காரம்மாவுக்கு நிழல் எங்க, தண்ணி எங்க, கழிப்பறை எங்க? தெருவோர வியாபாரிக்குப் பெரும்பாலும் மாநகராட்சி வண்டி வர்றது தட்டைத் தூக்கத்தான்.

கடைசியா வேலைக்கு வர்றேன். உள்ளாட்சி விதிப்படி நம்ம ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழு இருக்கு, அதுக்குக் கீழ ஏரியா சபா இருக்கு. கிராமசபை மாதிரி, வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற யார் வேணா போய்ப் பேசலாம். எங்க தெருவுல நான் கேட்டேன், பத்துப் பேர்ல ஒருத்தருக்குக்கூட எப்ப நடந்துச்சுன்னு தெரியல. அடுத்த ஏரியா சபாவுக்கு நாம கூட்டமாப் போறோம். மூணு தீர்மானம் கொடுக்கிறோம். ஒண்ணு, காலநிலை செயல் திட்டத்துல நம்ம வார்டுக்குன்னு என்ன வேலை, எவ்வளவு பணம், தமிழ்ல எழுதி வார்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டணும். ரெண்டு, சித்திரக்குளமும் கபாலி கோயில் குளமும் சுத்தி இருக்கிற தெருக்கள்ல பெய்யுற மழை குளத்துக்குப் போகுதா, வடிகாலுக்குப் போகுதான்னு பொறியாளர் எங்க கூட நடந்து வந்து காட்டணும். மூணு, கால்வாய் ஓரம் இனி ஒரு வீட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்துக்கு இதே மயிலாப்பூர் தொகுதிக்குள்ள வீட்டுச் சாவி கையில இருக்கணும்.

மனு இந்த மேஜையில இருக்கு. பேனா ரெண்டுதான் இருக்கு, வரிசையா வாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்கு எழுதித் தரத் தோழர்கள் நிக்கிறாங்க. பேருக்கு நேரா கதவு எண்ணையும் எழுதுங்க. 2021-ல உங்க வீட்டுல தண்ணி எத்தனை அடி நின்னுச்சுன்னு அதுக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போட்டிருக்கோம், மறக்காம அதையும் நிரப்புங்க.

தூறல் விழுது. மைக்கை எடுத்துடுங்க தோழர்.