பினாங்கிலிருந்து புறப்பட்ட ஐவர்

(மாக் மண்டினில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை நிகழ்ச்சியில் "வரலாற்றில் இன்று" என்று ஐந்து வரி வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. ஆகஸ்டு 15 என்றால் சுதந்திரம், ஜனவரி 26 என்றால் குடியரசு, ஜனவரி 30 என்றால் காந்தியடிகள் மறைந்த நாள். எழுதி வைத்ததை வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஒரு செப்டம்பர் 10ஆம் தேதியும் அப்படித்தான் ஏதோ ஐந்து வரி வாசித்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, நம்ம பினாங்கிலிருந்து போன பையன்களை மெட்ராஸ்ல தூக்குல போட்ட நாள்மா இது. உங்க பட்டியல்ல அது இல்லையா?" என்று கேட்டார்.

பட்டியலில் இல்லை. எனக்கும் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1942ஆம் ஆண்டு. மலாயா ஜப்பானியர் கையில். பினாங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் சார்பில் "சுவராஜ் நிலையம்" என்ற பயிற்சிக்கூடம் நடந்தது. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதன் பொறுப்பில் இருந்தார். பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்த இளைஞர்கள், இந்தியாவுக்குள் இரகசியமாகச் சென்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்ய அங்கே பயிற்சி பெற்றார்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூரின் வக்கம் என்ற கடற்கரைக் கிராமத்தில் 1917இல் பிறந்தவர். 1938இல் மலாயா வந்து பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்.

பட்டர்வொர்த் கரையில் நின்றால் எதிரே தெரிகிறதே பினாங்குத் துறைமுகம், அங்கே அப்போது ஜப்பானியரின் நீர்மூழ்கிக் கப்பல் தளம் இருந்தது. 1942 செப்டம்பரில் காதர் உள்ளிட்ட ஐவர் ஒரு நீர்மூழ்கியில் புறப்பட்டார்கள். மலபார் கரையில் தானூர் அருகே ரப்பர் படகில் இறங்கினார்கள். கரை ஏறியதுமே பிடிபட்டார்கள். வேறு வழிகளில் அனுப்பப்பட்ட தோழர்களும் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள்.

இங்கே பினாங்கில் என்ன நடந்தது தெரியுமா? தமக்குத் தெரியாமலே பயிற்சியாளர்களை ஜப்பானியர் கொண்டுபோய்விட்டார்கள் என்று ராகவன் கொதித்தார். கண்டனமாக நிலையத்தையே மூடினார். அதற்காக ஜப்பானியர் அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். "உதவி வாங்குவோம், அடிமையாக மாட்டோம்" என்ற நிலையை ஜப்பானியர் காலத்தில் எடுப்பது சாதாரண விஷயமல்ல. அதே காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் சென்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிடிபட்டவர்கள் மீது சென்னையில் வழக்கு நடந்தது. ஐவருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் போனிபேஸ் பெரைரா என்பவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. 1943 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. அது ரமலான் மாதம். சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், பவுஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன். கேரளத்து முஸ்லிம் ஒருவர், கேரளத்து இந்து ஒருவர், பஞ்சாபிச் சீக்கியர் ஒருவர், வங்காளி ஒருவர். காதருக்கு வயது 26. தூக்கு மேடை ஏறுவதற்கு முன் தம் தந்தைக்குக் கடிதம் எழுதி விடைபெற்றார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1943 ஜூலையில். அவரை நடுக்கடலில் ஏற்றிவந்த ஜப்பானிய நீர்மூழ்கியும் பினாங்கிலிருந்து புறப்பட்டதுதான். அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே மண்டபத்தில் ஆசாத் ஹிந்த் அரசை அவர் அறிவித்தபோது, அந்த நால்வர் இறந்து 41 நாள் ஆகியிருந்தது. அந்த நாளை நாம் கொண்டாடுகிறோம்; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நேதாஜியின் குரல் இந்த மண்ணில் ஒலிப்பதற்கு முன்பே, பெரிய தலைவர் யாரும் முன்னால் நடக்காதபோதே, கிளம்பிப் போனவர்கள் இவர்கள்.

"போனார்கள், உடனே மாட்டிக்கொண்டார்கள், இதில் என்ன சாதனை?" என்று என்னிடமே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்கள் ஒரு பாலத்தைக்கூடத் தகர்க்கவில்லை. ஆனால் வெற்றி பெற்ற நாட்களை மட்டும் வரிசைப்படுத்தினால் அது பரிசளிப்பு விழாப் பட்டியல், வரலாறு அல்ல. சுதந்திரம் கிடைத்த நாளில் உயிரோடு இல்லாதவர்களுக்கும் அந்த நாட்காட்டியில் ஒரு கட்டம் வேண்டாமா?

இந்தியா காதரை மறக்கவில்லை. 1998இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர்கள் இறந்த சென்னைச் சிறை இன்று இல்லை, 2009இல் இடிக்கப்பட்டுவிட்டது. அவர்கள் புறப்பட்ட இந்த ஊரில்தான் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. நானும் ஒருத்தி என்பதை ஒப்புக்கொண்டேன்.

இங்கே ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். பெரிய விழா எதுவும் வேண்டாம். செப்டம்பர் 10 வருகிறபோது, பள்ளிச் சபைகூடலில் ஒரு மாணவர் எழுந்து அந்த நான்கு பெயர்களையும் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், ஜப்பானியர் காலத்தைப் பற்றி அவர்களுடைய பெற்றோர் என்ன சொன்னார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதாத தேதியைத் தொலைக்காட்சியில் யாரும் வாசிக்க முடியாது.

எனக்குத் தொலைபேசியில் அழைத்த அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன். அவர் இந்த உரையைப் பத்திரிகையில் படிக்க நேர்ந்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐயா, அந்த நாள் இப்போது என் பட்டியலில் இருக்கிறது.