உட்காரும் உரிமை: கடைத் தொழிலாளரும் சட்டமும்

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு 2021இல் சேர்க்கப்பட்டது. கடையில் வேலை செய்யும் அனைவருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டப்பேரவையில் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். உட்காருவதற்கும் ஒரு சட்டமா என்ற வியப்பு, துணிக்கடையில் வாங்கும் பக்கத்தில் மட்டுமே நின்று பழகியவர்களுக்கு எழக்கூடும்.

பெரிய ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, விற்பவருக்குக் கிடையாது. கூட்டமில்லாத மதியப் பொழுதில்கூட நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் சூப்பர்வைசரின் அதட்டல் வரும். நின்றபடியே இருக்கும் காலில் இரத்தம் மேலேறத் திணறுகிறது. சிரைகள் புடைத்து வெரிகோஸ் ஆகின்றன. குதிகால் வலியும் இடுப்பு வலியும் சேர்ந்துகொள்கின்றன. விடுதியும் சாப்பாடும் முதலாளியின் பொறுப்பில் இருக்கும் இடங்களில், வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் எதிர்த்துப் பேசுவது இன்னும் கடினம். சென்னை ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்ட 2010ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘அங்காடித் தெரு’ அந்த வாழ்க்கையைப் பொதுமக்கள் கண்முன் வைத்தது.

சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு முந்தியது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி, கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்களின் முதல் கோரிக்கை கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழித்தவர்கள் அவர்கள். அடுத்த கோரிக்கையாக இருக்கை வந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கு வழிகாட்டியாக நின்றது இந்தப் பெண்களின் வெற்றிதான்.

கருத்து என்னவோ பழையதே. நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44ஆம் பிரிவில் சொன்னது. கடைகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. பிரிட்டன் 1899லேயே கடைப் பெண்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றி, மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று கணக்கும் சொல்லியது.

அந்தக் கணக்கு 22-அ பிரிவில் இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை நாற்காலி, எவ்வளவு நேரம் என்பதைப் பிரிவு சொல்லாததால், ஆய்வாளர் எண்ணிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மூலையில் நான்கு ஸ்டூல்களைப் போட்டுவிட்டு ‘வசதி இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ‘வாய்ப்பு’ எப்போது வந்தது என்பதையும் நடைமுறையில் சூப்பர்வைசரே தீர்மானிக்கிறார். உரிமையை எழுதிய கை அளவையும் எழுதியிருக்கலாம்.

இப்பிரிவு தனியாக நிற்கவில்லை. மூலச்சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வகுத்திருக்கிறது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, நோய்க்கும் பிற தக்க காரணங்களுக்கும் தனித்தனியே 12 நாள் வரை. பத்துப் பேருக்குக் குறையாத கடை என்றால், பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவும் வேண்டும். அதைவிடச் சிறிய கடையின் ஊழியர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் தந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்கும் துணிவு, கேட்டால் வேலை போகாது என்ற உறுதியிலிருந்து வருகிறது. அதற்கான பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக்கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால், முறையான விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆறு மாதம் வேலை பார்த்ததை நிரூபிப்பதில்தான் பல வழக்குகள் தடுமாறுகின்றன. நியமனக் கடிதம் தராமல், சம்பளத்தைக் கையில் கொடுக்கும் கடைகள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் இ.எஸ்.ஐ. எண், வருங்கால வைப்புநிதிக் கணக்கு, கடையின் அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவையே தொழிலாளியின் பக்கம் பேசும் சாட்சிகள்.