குற்றவாளியைத் தேடாத நஷ்டஈடு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



"அமெரிக்காவில் தடுப்பூசிக்காக அரசாங்கமே நஷ்டஈடு கொடுக்கிறதாமே? அப்படியானால் ஊசி ஆபத்தானதுதானே, ஐயா?" என்று சபையார் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

1980களில் அந்நாட்டுப் பெற்றோர் பலர், முத்தடுப்பு ஊசியால் தங்கள் பிள்ளைகளின் மூளை பாதிக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனியின் தவறை நிரூபிப்பது எளிதல்ல. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. மறுபக்கம், சில கம்பெனிகள் தயாரிப்பையே நிறுத்தின. மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஆகவே 1986இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1988இல் நடைமுறைக்கு வந்தது. யாருடைய தவறு என்று பெற்றோர் நிரூபிக்க வேண்டியதில்லை. பணம் ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது. 1997 முதல், ஓர் ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி அந்த நிதியில் சேருகிறது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2 டாலர் 25 சென்ட். சுகமாயிருக்கும் பிள்ளைகளின் ஊசியிலிருந்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பங்கு போகிறது.

இனி, சமரசத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அங்கே கொடுக்கப்பட்ட நஷ்டஈடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேச்சுவார்த்தையில் முடிந்தவை. அவற்றில் ஊசிதான் காரணம் என்று அரசாங்கம் முடிவு செய்யவில்லை. தோற்கும் அபாயம், காலம், செலவு இவற்றைக் குறைக்கவே இரு தரப்பும் சம்மதிக்கின்றன. பணம் கொடுத்ததால் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று நாம் எண்ணக்கூடாது. அந்நாட்டு அரசின் கணக்குப்படி, நஷ்டஈடு பெறுவோர் பத்து இலட்சம் டோஸுக்கு ஏறத்தாழ ஒருவரே.

ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததல்ல. 2006இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், முத்தடுப்பு ஊசியால் மூளை பாதித்ததாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தார்கள். 11 பேருக்கு வலிப்பை உண்டாக்கும் மரபணுக் கோளாறு இருந்தது.

ஆனாலும் அந்தத் தாயின் கண்ணீர் பொய்யல்ல. காரணம் எதுவானாலும், அந்தப் பிள்ளையை நாள்தோறும் குளிப்பாட்டவும் ஊட்டவும் தூக்கவும் வேண்டும். மரணத்துக்கு அந்தச் சட்டம் வைத்த தொகை 2,50,000 டாலர். எந்தப் பெற்றோர் அதைப் பிள்ளையின் விலை என்பார்கள்? நோய் தோன்றிய மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கவில்லையானால், வாசலும் அடைபட்டுப்போகும். குறைகளுள்ள ஏற்பாடுதான், ஆனால் அதன் அடிப்படை நல்லது.

நல்ல சமாரியன் கள்ளர் யாரென்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. காயம் கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகளுக்குத் தவறாமல் ஊசி போடுங்கள். "ஊசிக்குப் பிறகுதான் இப்படி ஆயிற்று" என்று ஒரு தாய் சொன்னால், வாதாடாமல் முதலில் கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போய்வாருங்கள்.