டப்பாவின் விலையும் நம்ம பேரும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன தவணை தரம் எட்டுப் பிள்ளைகளை ஹந்தானை தேயிலை நூதனசாலைக்குக் கூட்டிப் போனோம். 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் அது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களையும் அங்கே வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது கண்டி டவுனில் ஒரு தேயிலைக் கடைக்குள் நுழைந்தோம். அங்கே சில்வர் டிப்ஸ் டப்பா ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும். விலையோ நம்முடைய இரண்டு பேருக்கு மேல். "டீச்சர், இதுல எங்கம்மா எடுத்த கொழுந்து இருக்குமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. டப்பாவின் மேல் கூடை சுமந்து சிரிக்கும் அம்மா ஒருத்தி இருந்தாள்.

கணக்குப் போடுவோம். 2024 கணக்கையே எடுப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 18 கிலோ எடுத்தால் நாலு கிலோ தூள். இரண்டு கிராம் பையாகப் போட்டால் 2,000 பை. அந்த செப்டம்பர் வர்த்தமானிப்படி நமக்கு 1,350 ரூபா. ஆக, ஒரு பைக்கு 68 சதமும் இல்லை. நட்சத்திர ஹோட்டலில் அதே பையை வெந்நீரில் போட்டுத் தந்தால் பில் நூற்றுக்கணக்கில் வருகிறது.

கம்பனிக்கும் செலவு உண்டு. உரம், விறகு, கரண்ட் எல்லாம் ஏறித்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டோம். கொழும்பு ஏலத்தில் அந்த வருடம் சராசரி விலை கிலோவுக்குச் சுமார் 1,200 ரூபா. சம்பள நிர்ணய சபையில் கம்பனிகள் காட்டுவது இந்த ஏல விலையைத்தான். ஏலம் தாண்டிய பிறகு தோட்டத்துப் பேர், மலையின் உயரம், நம் படம், தகர டப்பா என்று ஏறுகிற விலை அந்த மேசைக்கு வருவதே இல்லை. அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நாங்கள் இன்றைக்குப் பேச வந்தது.

இன்னொன்று. அந்தக் கடையில் பிள்ளைகளுக்கும் சின்னக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்து, எந்த மலை, எப்படிக் காய வைத்தது என்று பொறுமையாகச் சொன்னார்கள். நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. அப்போதும் முகம் கோணவில்லை. வாங்குகிறவனை அப்படி வைத்துக்கொண்டால்தான் அந்த விலை நிற்கும், அது அவர்களுக்குத் தெரியும். இங்கே நிறுவைக்குப் போனால் என்ன நடக்கிறது? படங்குக்கு இத்தனை, தண்ணிக்கு இத்தனை என்று கிலோவை வெட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்ட பிள்ளைக்கு மறுநாள் அரைப் பேர்.

அதனால் இந்த மாதம் தொடங்கி, நிறுத்த கிலோவும் வெட்டிய கிலோவும் துண்டில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு பின்னேரம் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதித் தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடும் சம்பளத் துண்டோடும் வாருங்கள்.