பழைய கணிப்பொறியும் தெளிவுமிகு படமும்

(ஏர்பேட்டில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் மேடையில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகப் பண்டையோர் குறித்தனர். அம்மலைக்குக் கிழக்கே, இரேணிகுண்டாவுக்கும் சீகாளத்திக்கும் இடையில் நாம் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் பெரும்பாலும் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் கற்பிக்கும் ஆசானாகப் பல வீடுகளில் இருப்பது கணிப்பொறியே. 2001-இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் அதில் கிடைக்கின்றன. 2019-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் கிடைக்கின்றன. மேற்படிப்புக்கு, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் உள்ளன.

ஆனால் அந்த ஆசான் முதுமை எய்திவிட்டார்! தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் பெற்ற பொறி இன்று தங்கையின் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் பாடத்தை ஓடவிட்டால் படம் தயங்குகிறது. ஆசிரியரின் குரல் முன்னே செல்ல, உதடு பின்னே வருகிறது. பிள்ளை சலித்து எழுந்துவிடுகிறது. பெற்றோரோ, "இது உதவாது, தவணையிலேனும் புதியது வாங்குவோம்" என்று கடனுக்கு ஆயத்தமாகின்றனர். அக்கடன் தேவைதானா? பழைய பொறி தெளிவுமிகு படத்தைத் தங்குதடையின்றிக் காட்டுமா? இதுவே நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் சுமையின் அளவை அறிவோம். முழுத் தெளிவுப் படம் என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 30 படங்கள் எனில், நொடிதோறும் 6 கோடியே 22 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். இதனை அப்படியே அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் ஆகும். எந்த வீட்டு இணைப்பு இதனைத் தாங்கும்? எனவே சுருக்கி அனுப்புகின்றனர். கரும்பலகை முன் ஆசிரியர் நிற்கிறார். பலகை அசைவதில்லை, கை மட்டுமே அசைகிறது. அசையாததை மீண்டும் மீண்டும் அனுப்பாமல், மாறியதை மட்டும் குறித்தனுப்புவதே இக்கலையின் அடிப்படை. இவ்வாறு 149 கோடி, 50 லட்சம் அல்லது 80 லட்சமாகக் குறுகிவிடுகிறது.

சுருக்கியதை விரிக்க வேண்டுமன்றோ? அவ்வுழைப்பு நம் பொறியின் தலையில் விழுகிறது. விரிப்பதற்கு இரு வழிகள் உண்டு. எல்லா வேலையும் செய்யும் பிராசஸரே மூச்சுமுட்ட இதனையும் செய்வது ஒரு வழி. இதற்கென்றே சிப்புக்குள் அமைத்த தனிப்பகுதி எளிதாகச் செய்து முடிப்பது மற்றொரு வழி. அத்தனிப்பகுதி தனக்குக் கற்பித்த சுருக்க முறையை மட்டுமே அறியும். பின்னால் பிறந்த முறையை அறியாது. முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

எச்.264 என்னும் முறை 2003-இல் வகுக்கப்பட்டது. எச்.265, வி.பி.9 ஆகியவை 2013-இலும், ஏ.வி.1 என்பது 2018-இலும் வந்தன. 2011-இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைக் கோர் பிராசஸர்கள் எச்.264 முறையைத் தனிப்பகுதியிலேயே விரிக்க வல்லவை. அவற்றில் அம்முறையிலான முழுத் தெளிவுப் படம் நீரோட்டம்போல் ஓடும். ஆனால் யூடியூப் போன்ற தளங்கள் இணைப்பின் சுமையைக் குறைக்கக் கருதிப் பெரும்பாலும் வி.பி.9, ஏ.வி.1 முறைகளிலேயே படத்தைத் தருகின்றன. பழைய பொறி தன் தனிப்பகுதியை உறங்கவிட்டுப் பிராசஸரை வருத்துகிறது, படம் தயங்குகிறது. ஆசானுக்குத் தெரியாத மொழியில் ஓலையைக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நாம் சொல்லலாமா?

இனி நோயை அறியும் வழி. படம் நின்று வட்டம் சுழலுமாயின், குறை பெரும்பாலும் இணைய இணைப்பினுடையது. ஒலி தடையின்றி வர, படம் மட்டும் துள்ளித் துள்ளிச் செல்லுமாயின், குறை விரிக்கும் திறனுடையது. அந்நேரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸரின் உழைப்பு நூறு விழுக்காட்டை நெருங்கியிருந்தால் ஐயமே இல்லை.

மருந்துகளுள் முதலாவது காசில்லா மருந்து. அக்கால மடிக்கணினிகள் பலவற்றின் திரை 1366-க்கு 768 புள்ளிகளே. அதில் 1080 தெளிவைக் கேட்பது, படிகொள்ளும் பாத்திரத்தில் மரக்கால் பாலை ஊற்றுவதாகும். 720 தெளிவைத் தேர்ந்தால் புள்ளிகள் 9,21,600 ஆகும். சுமை பாதிக்கும் கீழே இறங்கும், அச்சிறு திரையில் கரும்பலகை எழுத்தும் தெளிவாகவே விளங்கும். இரண்டாவது, எச்.264 முறையிலேயே படத்தைத் தருமாறு யூடியூபைக் கேட்கும் சிறு துணைநிரல்கள் பிரௌசருக்கு உண்டு. அவற்றுள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, உரிமையுடன் இறக்கிக்கொள்ளக்கூடிய பாடங்களை இறக்கி, விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் காணலாம். நான்காவது, விசிறியின் தூசியை அகற்றல். இப்பகுதியின் கோடை வெயில் நாம் அறியாததன்று. சூடேறிய பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நினைவகத்தைக் கூட்டினால் போதும் என்பாரும் உளர். இரண்டு ஜி.பி. மட்டுமே உள்ள பொறிக்கு அது பெருந்துணையே. போதிய நினைவகம் உள்ள பொறிக்கு மேலும் சேர்ப்பதால் படம் விரைந்து விரியாது. எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பொறி விரைவில் விழித்தெழும். படம் விரிக்கும் திறனை அது கூட்டாது.

எல்லைகளையும் மறைக்கலாகாது. ஆட்டம் பிராசஸர் கொண்ட தொடக்ககால நெட்புக்குகளில் தெளிவுமிகு படத்தை எதிர்பார்த்தல் வீண். 2006-இல் வந்த கோர் 2 டியோ வகை, 720 தெளிவைப் பிராசஸரின் வலிமையாலேயே சமாளிக்கும், 1080-இல் தடுமாறக்கூடும். நாற்பெருந் தெளிவாகிய 4கே படத்துக்குப் பழைய பொறிகளை வருத்தவே வேண்டாம். மேலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பழைய பொறிகள் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத பொறியில் வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள். அதில் எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவிப் பாடம் காண்பதற்கென ஒதுக்குவது அறிவுடைமை.

ஆகவே நம் முடிவு இது: 2011-ஐ ஒட்டியும் அதன் பின்னும் வந்த பொறிகளில் பெரும்பாலானவை, அவை அறிந்த முறையில், அவற்றின் திரைக்கேற்ற அளவில் கொடுத்தால், தெளிவுமிகு படத்தைச் செவ்வனே காட்டும். பாடம் பயிலுதல் ஒன்றே நோக்கமாயின், கடன் வாங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இச்சோதனைக்குச் செலவிடுங்கள்.

2015-இல் தோன்றிய திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசரும் தம் வளாகங்களை ஏர்பேட்டில் அமைத்துள்ளன. அறிவுக்கூடங்கள் இரண்டின் நிழலில் வாழும் நம் குடியிருப்பில், படம் தயங்கிய குற்றத்துக்காக ஒரு பிள்ளையின் தமிழ் தயங்கலாகாது. வீட்டில் உறங்கும் பழைய பொறிகளைச் சங்கத்துக்குக் கொணருங்கள். விவரம் அறிந்த இளைஞர் நால்வர் ஞாயிறுதோறும் அமர்ந்து அவற்றைச் சீர்செய்யட்டும். தேறியவற்றைப் பிள்ளைகளுக்கு வழங்குவோம். தேறாதவற்றைக் குப்பையில் எறியாமல் முறையான மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்போம். இதனை இவ்வாண்டின் சங்கப் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாறு வேண்டி அமைகிறோம்.